செத்த காலேஜிலிருந்து பறம்பு வரை: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், புதன். எழும்பூர்

"செத்த காலேஜுக்கா? அதுக்கா டிக்கெட் போட்டு வந்தே?" என்றாள் அத்தை. புரசைவாக்கத்தில் நாற்பது வருஷமாகக் குடியிருப்பவள். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, அவள் கையால் ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனால் வாசலிலேயே இந்த விசாரணை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மெட்ராஸ் ஜனங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தை அப்படித்தான் சொல்வார்கள். மிருகக்காட்சிச்சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். சின்ன வயதில் இதைக் கேட்டு, அங்கே பிணத்தை வைத்துப் பாடம் நடத்துவார்களோ என்று நான் பயந்ததுண்டு. காரணம் அவ்வளவு பயங்கரமில்லை. 1851இல் மியூசியம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில், கும்பினி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் படித்த கல்லூரிக் கட்டடத்தின் மாடியில். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் காலேஜ் ரோடு என்றுதான் பெயர். 1854இல் சாமான்கள் எல்லாம் எழும்பூருக்கு வந்தபோது 'காலேஜ்' என்ற பெயரும் கூடவே வண்டியேறிவிட்டது என்பார்கள்.

முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு டாக்டர். கல்லையும் சிப்பியையும் பார்க்க ஜனம் வராது என்று சீக்கிரமே புரிந்துகொண்ட கெட்டிக்காரர். உயிரோடு ஒரு புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வளாகத்தில் கட்டிப்போட்டார். கூட்டம் அலைமோதியது. கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிக்கொண்டார். இடம் போதாமல் மிருகங்கள் சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அதுதான் உயிர் காலேஜ். அங்கிருந்து 1985இல் வண்டலூர். ஆக இரண்டு காலேஜும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மூச்சு விடும், ஒன்று விடாது.

கட்டடத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நடத்திய 'பாந்தியன்' மண்டபம் இந்த வளாகத்தில்தான் இருந்தது. இடையில் ஓர் ஆர்மீனிய வியாபாரியின் கைக்குப் போய், 1830இல் மறுபடி சர்க்கார் வாங்கியது. தெருப்பெயரைத் தவிர அந்த ஆட்டபாட்டத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

உள்ளே நுழைந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் திமிங்கலத்தைப் பார்க்கப் போனேன். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது, நீளம் 18.25 மீட்டர். ஒரு பையன் தலையிலிருந்து வால்வரை காலடியால் அளந்துகொண்டே போனான். ஐம்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். டீச்சர் கூப்பிட்டும் போகவில்லை. அந்தப் பையனைத்தான் எனக்கு இன்று ரொம்பப் பிடித்தது.

மத்தியானத்துக்கு மேல் அமராவதிச் சிற்பங்கள். இவற்றுக்காகத்தான் முதல் நாளை ஒதுக்கியிருந்தேன்.

கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய புத்த ஸ்தூபத்தின் கற்கள் இவை. பளிங்கு என்று சொன்னாலும் சுண்ணாம்புக்கல்தான், கொஞ்சம் பச்சை கலந்த வெளுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு அமராவதியில் புது ஊர் எழுப்பியபோது அங்கே ஒரு மேடு இருந்தது. கட்டடத்துக்குக் கல் வேண்டும், மேட்டில் கல் இருந்தது. தோண்டினார்கள். செதுக்கிய கற்கள் பல, படிக்கல்லாகவும் சுவராகவும் போயின; சுட்டுச் சுண்ணாம்பாகவும் ஆயின. 1797இல் காலின் மெக்கன்சி என்ற கும்பினி அதிகாரி வந்து பார்த்தார். 1816இல் திரும்ப வந்தபோது மேட்டின் நடுவே குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1845இல் வால்டர் எலியட் என்ற இன்னொரு வெள்ளைக்கார அதிகாரி தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து, வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் கிடந்தன. 1859இல் அவற்றில் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கே மட்டும் ராஜமரியாதையா? 1867இல் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை ஆராய்ச்சியாளர் கண்டுபிடிக்கும்போது அவை ஒரு குதிரைவண்டிக் கொட்டகையில் குவிந்து கிடந்தன. பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தது 1880இல்.

சென்னையிலேயே தங்கியவற்றுக்கு வேறு தலையெழுத்து. பத்திரமாக இருக்கட்டும் என்று சுவரோடு சுவராகச் சிமெண்டு வைத்துப் பதித்துவிட்டார்கள். அந்தச் சிமெண்டே வினையாகிவிட்டது. சுவரின் ஈரத்தோடு உப்பு கல்லுக்குள் ஏறும். காயும்போது பூத்துக்கொண்டு மேல்தோலை உரிக்கும். நம் வீட்டுச் சுவரில் பொரிப்பொரியாகச் சுண்ணாம்பு உதிருமே, அதே வியாதி. குனிந்து பார்த்தால் ஒரு பெண்ணின் இடுப்பு மேகலையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு சாண் தள்ளி ஒருவரின் முகம் மாவாக உதிர்ந்து மொழுமொழுவென்று இருக்கிறது. காப்பாற்றப் போனவர்கள் செய்த காரியம் அது. ஜமீன்தாரைத் திட்டுவது சுலபம்.

இரண்டாம் நாள், வியாழன். எழும்பூர்

நாளை வெள்ளி, மியூசியம் விடுமுறை. அதனால் இன்றே முடித்தாக வேண்டும்.

காலையில் மானிடவியல் பகுதி. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை இங்கே கண்காணிப்பாளர். அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளாக எழுதியது 1909இல் வந்தது. இன்றைக்கும் சாதிச் சங்கக் கூட்டங்களில் அதிலிருந்து மேற்கோள் காட்டிப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தர்ஸ்டன் கையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். மண்டையின் நீளம் அகலம், மூக்கின் நீளம் அகலம் எல்லாம் அளப்பார். மூக்கை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கலாம் என்று அன்றைக்கு விஞ்ஞானத்தின் பெயரால் நம்பினார்கள்.

அவரே முன்னுரையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். வயநாட்டில் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புக்கு அவர் போனபோது பெண்கள் ஓடி ஒளிந்துகொண்டார்களாம். தங்களில் நல்ல வாட்டசாட்டமானவர்களைப் பிடித்துக்கொண்டுபோய், பஞ்சடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயம். தர்ஸ்டன் இதைச் சிரிப்பாக எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த அறையில் பஞ்சடைத்த மிருகங்கள் வரிசையாக நிற்கிற கட்டடத்திலிருந்து அளவுகோலோடு ஒருவர் வந்தால் வேறு என்ன நினைப்பது? செத்த காலேஜ் என்ற பெயரின் முழு அர்த்தம் அந்தப் பெண்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அடுத்து நான் தேடிப்போனது ஒரு சிலையை. ஜேம்ஸ் நீல். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்தில் ஊர் ஊராக ஜனங்களைத் தூக்கில் போட்ட ராணுவ அதிகாரி. அதே வருஷம் லக்னோவில் செத்தார். மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் மவுண்ட் ரோட்டில் அவருக்குப் பெரிய வெண்கலச் சிலை வைத்தார்கள். 1927இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம். சுத்தியலும் கோடரியுமாகப் போய் ஏறினார்கள், வரிசையாக ஜெயிலுக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாளும் அவருடைய ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் அதில் உண்டு. அந்தச் சிறுமியைக் காந்தி லீலாவதி என்று பெயர் மாற்றி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப்போனார். சிலை நகர்ந்தது பத்து வருஷம் கழித்து, 1937இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான். கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது.

உடைத்துக் கொட்டாமல் மியூசியத்தில் வைத்தது எனக்குச் சரியென்றே படுகிறது. மவுண்ட் ரோட்டில் அண்ணாந்து பார்க்க வைத்தவர், இங்கே மூலையில் நிற்கிறார். ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு ஒரு குடும்பம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனது.

வெண்கலக் கூடத்துக்கு மத்தியானம் மூன்று மணி.

இங்கே ஒவ்வொரு அட்டையிலும் இருக்கிற ஊர்ப் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டே போனேன். திருவாலங்காடு, திருவெண்காடு, நாகப்பட்டினம். கோயிலில் பூசையில் இருந்த திருமேனிகள் எப்படி மியூசியத்துக்கு வந்தன? படையெடுப்புக்குப் பயந்து மணலைப் பரப்பிப் புதைத்து வைத்தார்கள். டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் வந்தது 1311இல். புதைத்தவர்கள் செத்துப்போனார்கள், அல்லது திரும்பி வரவில்லை, இடம் மறந்துபோனது. அறுநூறு எழுநூறு வருஷம் கழித்து ஏர்க்கொழுவிலோ மண்வெட்டியிலோ 'டங்' என்று தட்டும். அதற்கப்புறம் சட்டம் வரும். 1878இல் வந்த புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். கலெக்டர் ஆபீஸிலிருந்து எழும்பூர்.

அட்டையில் ஊர் இருக்கிறது, நூற்றாண்டு இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர் பெயர் இல்லை. தட்டியவுடன் அவர் கும்பிட்டாரா, பயந்து மூடினாரா, தாசில்தார் வரும்வரை ராத்திரி முழுக்கக் காவல் இருந்தாரா? கூடத்தில் நிற்கும்போது எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். சிவன் பாதிக்கு இரண்டு கை, அம்மை பாதிக்கு ஒரு கை. அந்த ஒற்றைக் கை போதும் என்று சிற்பிக்குத் தோன்றியிருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். இடுப்பு ஒரு பக்கம் வளைய, மறுபக்கம் நேராக இறங்குகிறது. நடுக்கோடு எங்கே என்று தேடினால் அகப்படாது. அதே திருவெண்காட்டு மண்ணிலிருந்து எழுந்த ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். 1011ஆம் ஆண்டுத் திருமேனி. காளைமேல் சாய்ந்த கை அப்படியே இருக்கிறது, காளை இல்லை. ஒரே மண்ணின் பிள்ளைகள், ஆளுக்கொரு ஊரில்.

திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி ரொதான் எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த மகாசிற்பி இவரை நேரில் பார்த்ததே இல்லை. பாரிஸில் உட்கார்ந்து புகைப்படங்களை மட்டும் பார்த்து எழுதினார், அச்சானது 1921இல். நான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு போனில் மெசேஜ் பார்த்தேன். என்னத்தைச் சொல்ல.

ராத்திரி காரைக்கால் எக்ஸ்பிரஸ்.

மூன்றாம் நாள், வெள்ளி. நாகப்பட்டினம்

விடியற்காலை நாகை. ஸ்டேஷனை விட்டு வந்ததும் கருவாட்டு வாசனையும் கடல்காற்றும். டீக்கடையில் உட்கார்ந்து, வெளிப்பாளையம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"அங்க யாரு வீட்டுக்குத் தம்பி?"

"யாரு வீட்டுக்கும் இல்லண்ணே. அங்க பழைய கோபுரம் ஒண்ணு இருந்துச்சாம்."

"கோபுரமா? நீலாயதாட்சி கோயிலு இங்கிட்டுல்ல இருக்கு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கேட்ட கோபுரத்தை இடித்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது.

கடல் தாண்டி மலாய் நாட்டிலிருந்த கடாரத்து அரசர், ராஜராஜ சோழன் காலத்தில் இந்த ஊரில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினார். 1006 வாக்கில் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக்கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாகக் கடல் கடந்து லெய்டன் போய்விட்டதால் 'லெய்டன் செப்பேடு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனைமங்கலம் இதோ பக்கத்தில் இருக்கிறது, பெயரை மட்டும் ஹாலந்துக்காரன் கொண்டுபோய்விட்டான்.

ஊருக்கு வடக்கே செங்கல்லால் ஆன ஓர் உயரமான கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றிருந்தது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொன்னார்கள். கடலோடிகளுக்கு அது கரை அடையாளம். 1846இல் வால்டர் எலியட் வந்து பார்த்தார். அதே எலியட்தான், அமராவதியில் தோண்டியவர். அப்போதே மூன்று நிலை மட்டும் மிச்சம். அந்த இடத்தில் கல்லூரி நடத்திய ஏசு சபைப் பாதிரிமார்கள் இடிக்க அனுமதி கேட்டார்கள், 1867இல் சர்க்கார் கொடுத்தது. அமராவதி ஸ்தூபத்தில் நடந்ததே இங்கேயும் நடந்தது. இருப்பது கட்டடமாகத் தெரியவில்லை, கட்டடச் சாமானாகத் தெரிந்தது. அந்தக் கல்லூரி 1883இல் திருச்சிக்குக் குடிபோய்விட்டது. கோபுரமும் இல்லை, கல்லூரியும் இல்லை.

ஆனால் ஒரு மரம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனது. அந்த வளாகத்தில் பெரிய இலுப்பை ஒன்றை வெட்டினார்கள். வேரடியில் மூன்றடி ஆழத்தில் ஐந்து புத்தர் திருமேனிகள். ஒன்றின் பீடத்தில் தமிழெழுத்து: 'ஸ்வஸ்திஸ்ரீ ஆகம பண்டிதர் உய்யக்கொண்ட நாயகர்'. ஆகம பண்டிதர்களை உய்வித்த நாயகராம் புத்தர்! நாயகர், உய்யக்கொண்டார், எல்லாம் நம் சைவ வைணவக் கோயில்களில் கேட்டுப் பழகிய சொற்கள். அதே வாயால் புத்தரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சிலையை அன்றைய கவர்னர் நேப்பியருக்குக் கொடுத்தார்கள். 1856 தொடங்கி 1930கள் வரை நாகையில் கிடைத்த புத்தத் திருமேனிகள் சுமார் 350. பெரும்பகுதி எழும்பூர் போக, மீதி உலகம் முழுக்கச் சிதறின. நேற்று நான் பார்த்தவற்றில் சில உள்ளங்கை உயரம்கூட இல்லை. வீட்டில் வைத்துக் கும்பிடவோ, கப்பலில் கையோடு கொண்டுபோகவோ செய்திருப்பார்கள் என்று தோன்றியது.

வெளிப்பாளையத்தில் வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றினேன். ஆபீஸ் கட்டடங்கள், ஜெராக்ஸ் கடைகள், சைக்கிள் ஸ்டாண்டு. இலுப்பை மரம் ஒன்றாவது கண்ணில் படாதா என்று தேடினேன், வேம்பும் தூங்குமூஞ்சியும்தான். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்க வந்தவன் என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டு ஸ்டூல் போட்டார். தண்ணீர் கொடுத்தார். எதையாவது ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமே என்று ஆதாரை நீட்டினேன், இரண்டு காப்பி.

நான்காம் நாள், சனி. பஸ்

நாகை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி. எழுத ஒன்றுமில்லை. திருச்சியில் சாப்பிட்ட பரோட்டா வயிற்றைப் புரட்டியது. மதுரைக்குத் தெற்கே தூங்கிவிட்டேன். வீட்டில் "எந்த ஊருல எதப் பாத்தீய?" என்று கேட்டார்கள். "இல்லாத கோபுரத்த" என்றேன். கேட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு. ஆதிச்சநல்லூர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். எத்தனையோ தடவை ஆவணித் திருவிழாவுக்குப் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்த இடம். செம்மண்ணும் சரளையுமாக நீண்டு கிடக்கிற மேடு. எங்களுக்கு அது வெறும் பறம்பு. ஒரு பக்கம் தாமிரபரணி, வாழைத்தோட்டம், பச்சை. பறம்பில் ஒரு புல் முளைக்க யோசிக்கும். விளைகிற நிலத்தை விட்டுவிட்டு விளையாத மேட்டைச் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியே விவசாயிக்கு விவசாயி புத்தி.

1876இல் பெர்லினிலிருந்து யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ ஐந்தாறு வருஷம் தோண்டினார். அதற்குள்ளேயே லாபிக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து கொஞ்சம் பாரிஸுக்கு எடுத்துப்போனார். ரீ எடுத்தவை எழும்பூரில்: செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகளான தாழிகள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொன்பட்டங்கள், எருமையும் ஆடும் சேவலும் மேலே நிற்கும் வெண்கல மூடிகள். 1915இல் அவற்றுக்கு அட்டவணை அச்சானது. மண்டையோடுகளைக்கூட 1930இல் சக்கர்மேன் என்பவர் அளந்து கட்டுரை எழுதினார். அளவுகோல் இவர்களையும் விடவில்லை.

2004இல் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன. அதில் எடுத்த மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் காட்டியதாக வெளியே சொன்னது 2019இல். பதினைந்து வருஷம்! ஒரு பையன் பிறந்து பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிடுவான்.

இப்போது இங்கேயே தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023இல் திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கழற்றச் சொன்னார்களா, நானாகக் கழற்றினேனா என்று நினைவில்லை. காலுக்குக் கீழே தாழிகள், இருந்தது இருந்தபடி. ஒன்று வாயகல நிற்கிறது, ஒன்று விலா உடைந்து மண்ணைக் கக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்கள், சோற்றுப்பானை பக்கத்தில் குழம்புச்சட்டி வைத்தது மாதிரி. எழும்பூரில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததைவிட இங்கே வெயில் சாய்ந்து விழும்போது மண்ணின் நிறமும் பானையின் நிறமும் ஒன்று என்பது தெரிகிறது.

வெளியே வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி மேல ஏறி நிக்கியளே, பயமா இல்லியா அண்ணாச்சி?"

"பயந்தான் ஆச்சி. ஒடஞ்சிருமோன்னு."

"அது ஒடையாது. கீழ கெடக்கவுக என்ன நெனப்பாவன்னு கேட்டேன்."

பதில் தெரியவில்லை. சின்ன வயதில் இங்கே வருவீர்களா என்று கேட்டேன்.

"வராம? மழ பெஞ்சா பானையோடு தானா மேல வந்துரும்லா. கருப்பும் செவப்புமா. நல்ல கனமான ஓடாப் பாத்து, கல்லுல தேச்சு வட்டமாக்கிச் சில்லு ஆடுவோம். வீட்டுக்குக் கொண்டு போனா எங்க அம்ம அடிப்பா, பொணத்துப் பானைன்னு. வாசல்லயே போட்டுட்டுத்தான் உள்ள போவணும்."

காலடியில் ஒரு துண்டு கிடந்தது. எடுத்தேன். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விளிம்பு தேய்ந்து ஏறக்குறைய வட்டம். மழை தேய்த்ததா, யாராவது சிறுமி தேய்த்ததா? ஆச்சி வாங்கிப் பார்த்தார். பெருவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார்.

"இது ஆடுன சில்லுதான்."

தூரத்திலிருந்து காவலாளி விசிலடித்தார். "சார், ஓட்டக் கீழ போடுங்க. எதையும் எடுக்கப்படாது."

ஆச்சி அதை என்னிடம் திருப்பித் தரவில்லை. கிடந்த இடத்துக்கே விட்டெறிந்துவிட்டு, ஆட்டை அதட்டப் போய்விட்டார்.